கம்பி வெட்டக் கூடாது

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
கமாலுதீன் ஹார்டுவேர்ஸில்
நாலு கத்தரிகளை மேசைமேல் பரப்பினார்.
நான் இடக்கைக்காரி என்றேன்.
இரண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

மிச்சம் இரண்டு.
ஒன்றில், மேல் அலகு கீழிருக்கும் தட்டையின் மீது
நேராக வந்து இறங்கும்,
காய்கறிப் பலகையில் கத்தி மாதிரி.
காய்ந்த குச்சிக்கு அது போதும்.
பச்சைத் தண்டை நசுக்கும்.
நசுங்கிய இடத்தில் தண்ணீர் உட்காரும்.
இந்த ஊரில் மழைக்கு உட்கார இடம் காட்டக் கூடாது.

மற்றதில் இரண்டு அலகும்
குறுகிய சந்தில் எதிரெதிரே வருகிறவர்கள் போலத்
தோள் உரசிக் கடந்து போகும்.
தாழ் நடுவில், எந்தக் கட்டைவிரலுக்கும் எட்டும்.
தினத்தாள் ஓரத்தை வெட்டிப் பார்த்தேன்.
நுனிவரை கிழியாமல் வந்தது.
அறுநூற்று எண்பது ரூபாய்.
"கம்பி மட்டும் வெட்டாதீங்க" என்றார்
சில்லறை எண்ணிக்கொண்டே.

என் தோட்டம் ஒன்றேகால் சென்ட்,
குவார்ட்டர்ஸ் முடிந்து தேயிலை தொடங்குவதற்குள்.
ரோஜா ஆறு, ஹைட்ரேஞ்சியா ஒன்று,
காய்க்க மனமில்லாத ப்ளம்ஸ் மரம்,
வேலி முழுக்கத் தாட்பூட் கொடி.
எஸ்டேட்டில் கவாத்து என்றால்
ஒரு சரிவே மொட்டையாகும்.
எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்:
வெளியே பார்க்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே,
சாய்வாக.

லேபில் மிச்சமாகிறது என்று நான் சொல்லிக்கொள்ளும் ஸ்பிரிட்டால்
ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே
அலகைத் துடைக்கிறேன்.
ஊசி மாற்றாமல் அடுத்த கையைத் தொட்டுப்
பழக்கமில்லை.

தேங்காயெண்ணெய் விடச் சொன்னாள்
நர்ஸ் ரெபேக்காள், நாகர்கோவில்காரி.
மார்கழியில் அது மெழுகாகிக்
கத்தரி வாய் திறக்க மறுத்தது.
இப்போது தையல் மெஷின் எண்ணெய், இரண்டே சொட்டு,
ஒன்று திருகாணிக்கு, ஒன்று சுருள்வில்லுக்கு.
பிசின் மண்ணெண்ணெயில் போகும்.
சாணைக்கல் சரிந்த பக்கத்துக்கு மட்டும்;
தட்டைப் பக்கத்தையும் தீட்டினால்
இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் விழும்,
அப்புறம் ஒன்றோடொன்று பேசாது.

இவ்வளவும் தெரிந்த நான்தான்.

தை மாதம். புல் வெளுத்துக் கிடந்த இரவு.
வேலிக்கு அப்பால்
அழுகையும் இல்லாத குரைப்பும் இல்லாத ஒரு சத்தம்.
டார்ச்சில் தெரிந்தது மார்க்கெட் வாசலில் படுக்கும் செவலை.
முயலுக்கு யாரோ வைத்த சுருக்கு
அதன் இடுப்பில் இறுகியிருந்தது.
பைக் கிளட்ச் வயர், பத்துப் பன்னிரண்டு இழை முறுக்கியது.
வீட்டில் குறடு இல்லை.

நாலாவது அழுத்தலில் வயர் அறுந்தது,
அலகில் பல் விழுந்தது,
செவலை என் இடது மணிக்கட்டைக் கடித்துவிட்டுத்
தேயிலைக்குள் ஓடிப் போனது.
என் ஆஸ்பத்திரியிலேயே
சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன்.

மாசியில் கமாலுதீன்
அலகை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"கம்பி வெட்டினீங்களா?"
அவர் தலைக்குப் பின்னால், ஆணியில்,
அதே வயர், வளையம் வளையமாக.
மீட்டர் பதினெட்டு ரூபாய் என்று அட்டை.
"இல்லையே" என்றேன்.
அவர் மணிக்கட்டுக் கட்டைப் பார்த்தார்.
அப்புறம் அலகைப் பார்த்தார்.
"புது அலகு கோயமுத்தூர்லேர்ந்து வரணும்."
வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒவ்வொரு வெட்டிலும் இப்போது
ஒரு நார் அறுபடாமல் நிற்கிறது.
கிளையை நுனிப்பக்கம் நகர்த்தி
இன்னொரு முறை அழுத்த வேண்டும்.
ஆறாவது ரோஜாவுக்கு வரும்போது கை கடுக்கிறது.

வேலியோரம் செவலை வந்து படுக்கிறது சில நாள்.
தாழ் விடுபடும் சத்தம் கேட்டால் மட்டும்
எழுந்து
கொஞ்சம் தள்ளிப் படுக்கிறது.